மூதூர் ஏன் நிலாவெளிக்கு மேலே போனது?

கணினி கேள்வி பதில்

இந்த முறை எல்லாமே பைதன் மொழியின் பைகேம் தொகுப்பால் திரையில் படம் கீறுவது பற்றிய கேள்விகள். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டச்சும்போது வழமைபோல ஆங்கிலச் சிறிய எழுத்துகள்தான். ட்ரூ, ஃபால்ஸ், சர்ஃபேஸ் மூன்றுக்கும் முதலெழுத்து மட்டும் பெரியது. முழுப் பெரிய எழுத்து வரும் இடத்தைத் தனியே சொல்வோம்.

கேள்வி: உயர்தரச் செயற்றிட்டத்துக்காகத் திருகோணமலைக் கரையோரத்தைப் பைகேமில் கீறுகிறேன். அகலாங்கையும் நெட்டாங்கையும் பெருக்கிக் கழித்து ஒருவாறு திரைக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் மூதூர் மேலே நிற்கிறது, நிலாவெளி கீழே கிடக்கிறது. கடல் மட்டும் சரியாகக் கிழக்கில். எங்கே பிழை? (மாணவி, உவர்மலை)

பதில்: கடல் கிழக்கிலேயே நிற்கிறது என்று எழுதினீர்களே, துப்பு அதுதான். குறுக்குக் கணக்கு சரி, நெடுக்குக் கணக்குத்தான் தலைகீழ். கணித வகுப்பில் உற்பத்தி (0, 0 புள்ளி) கீழ் இடது மூலையில், வை (நெடுக்கு எண்) மேலே போகப் போகக் கூடும். பைகேமில் உற்பத்தி மேல் இடது மூலை. வை கீழே போகப் போகக் கூடும். அகலாங்கோ வடக்கே போகப் போகக் கூடுவது. அதை அப்படியே வை ஆக்கினால் வடக்கு கீழே போய்விடும்.

எண்களோடு பார்ப்போம். 400 பிக்ஸல் அகலம், 600 பிக்ஸல் உயரத்தில் சாளரம் திறவுங்கள். நெட்டாங்கு 81.10 முதல் 81.30 வரை, அகலாங்கு 8.40 முதல் 8.70 வரை எடுத்தால், ஒரு பாகைக்கு 2000 பிக்ஸல் என்ற ஒரே அளவு இரண்டு பக்கமும் மிச்சமில்லாமல் பொருந்தும்.

எக்ஸ் = (நெட்டாங்கு − 81.10) × 2000
வை = 600 − (அகலாங்கு − 8.40) × 2000

அந்த "600 −" தான் நீங்கள் விட்டது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையை 8.58, 81.245 என்று வைத்தால் எக்ஸ் 290, வை 240. மூதூரின் 8.45க்கு வை 500, நிலாவெளியின் 8.69க்கு 20. இப்போது நிலாவெளி மேலே வந்துவிட்டது.

அடுத்து நீங்கள் விழக்கூடிய குழியையும் சொல்லிவிடுகிறோம். தொலைபேசி வரைபடத்தில் ஓரிடத்தை அழுத்தினால் அகலாங்கு முதலில் வரும். பைகேம் கேட்பதோ எக்ஸ் முதலில். மாற்றிப் போட்டால் புள்ளிகள் சாளரத்துக்கு வெளியே எங்கோ போய்விழும். திரையும் வெறுமையாக இருக்கும், பிழைச் செய்தியும் வராது. கணக்கிட்ட முதல் மூன்று புள்ளிகளைப் பிரின்ட் செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

கரையோரத்துக்கு ட்ரோ.லைன்ஸ் போதும். அதில் மூன்றாவது உள்ளீடு கோட்டை மூடுவதா என்பது. அங்கே ஃபால்ஸ் கொடுங்கள். ட்ரூ கொடுத்தால் கடைசிப் புள்ளியிலிருந்து முதற்புள்ளிக்கு, அதாவது மூதூரிலிருந்து நிலாவெளிக்கு, கடலுக்கு மேலால் ஒரு நேர்கோடு பாயும்.

கேள்வி: கிண்ணியாப் பாலத்தையும் அதில் ஏறும் வீதியையும் தடிப்பு 20 கொடுத்துக் கீறினேன். வீதி வளையும் இடமெல்லாம் ஒரு பக்கத்தில் ஆப்பு வெட்டினதுபோல இடைவெளி. (கிண்ணியா)

பதில்: உவர்மலைத் தங்கையின் வரைபட அளவில் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 55 மீற்றர். 396 மீற்றர் நீளமான உங்கள் பாலம் அங்கே வெறும் 7 பிக்ஸல். தடிப்பு 20 என்றால் நீளத்தை விட அகலம் கூடிவிடும். பாலத்துக்குத் தனிச் சாளரமும், மீற்றருக்கு 2 பிக்ஸல் என்ற அளவும் வையுங்கள். 792 பிக்ஸலில் அழகாக அடங்கும்.

இடைவெளிக்கு வருவோம். பைகேம் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பலகையாகத்தான் போடுகிறது. பலகையின் முனை சதுரமாக வெட்டியது. இரண்டு பலகைகள் சாய்வாகச் சந்தித்தால் உட்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், வெளிப்பக்கம் வாய் பிளக்கும். மூட்டை நிரப்பும் வேலையை அது செய்வதில்லை. மிக எளிய வைத்தியம்: ஒவ்வொரு வளைவுப் புள்ளியிலும் அதே நிறத்தில் ஒரு நிரப்பிய வட்டம், ஆரை தடிப்பின் பாதி. 20க்கு 10. முனையும் உருண்டையாகும், ஆப்பும் மறையும்.

பைகேம் 1.9 வரிசையை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதில் தடிப்பை நெடுக்காகவோ குறுக்காகவோதான் அளக்கும், கோட்டுக்குச் செங்குத்தாக அல்ல. ஆகவே 45 பாகையில் சாய்ந்த கோடு பத்தில் ஏழு பங்கு தடிப்புத்தான் காட்டும், 20 கேட்டால் 14. பதிப்பை மாற்ற முடியாவிட்டால் கோட்டை நீங்களே பல்கோணியாகக் கீறலாம். உதாரணத்துக்கு (100, 100) இலிருந்து (400, 500). குறுக்கே 300, நெடுக்கே 400, எனவே நீளம் 500. செங்குத்துத் திசை (−400, 300), அதை 500 ஆல் வகுத்தால் (−0.8, 0.6). பாதித் தடிப்பு 10 ஆல் பெருக்கினால் நகர்வு (−8, 6). இரு முனைகளிலும் இதைக் கூட்டியும் கழித்தும் நான்கு மூலைகள்: (92, 106), (392, 506), (408, 494), (108, 94). இந்த ஒழுங்கிலேயே ட்ரோ.பாலிகனுக்குக் கொடுங்கள். கடைசி இரண்டையும் இடம் மாற்றினால் பலகைக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி வரும்.

கேள்வி: கோல வளைவுக்கு ட்ரோ.ஆர்க்கில் 0, 90 என்று கொடுத்தேன். கால்வட்டம் வரவில்லை. (தம்பலகாமம்)

பதில்: அது கேட்பது பாகை அல்ல, ஆரையன் (ரேடியன்). 90 ஆரையன் என்றால் 14 முழுச் சுற்றுக்கும் மேல். மத்.ரேடியன்ஸ்(90) என்று மாற்றிக் கொடுங்கள். நடுப்புள்ளியும் ஆரையும் அது கேட்காது. வில் அடங்கும் செவ்வகத்தைத்தான் கேட்கும். (200, 200) ஐ நடுவாகக் கொண்டு ஆரை 50 வேண்டுமென்றால் செவ்வகம் (150, 150, 100, 100). பைகேமில் 0 இலிருந்து பை (180 பாகை) வரை கொடுத்தால் மேல் அரைவட்டம் வரும். இணையப் பக்கத்துக் கன்வஸில் அதே எண்கள் கீழ் அரைவட்டத்தைத் தரும். அது மணிக்கூட்டுத் திசையில் சுற்றுவது. இரண்டையும் கலந்து படிப்பவர்கள் இதில் தடுக்காமல் போனதில்லை.

கேள்வி: கடலுக்கு மேல் மெல்லிய நீலம் பூச நிறத்தில் நான்காவது எண்ணாக 80 சேர்த்தேன். முழு நீலமாகவே அப்பிவிட்டது. (நிலாவெளி)

பதில்: ட்ரோ கட்டளைகள் நிறத்தைக் கலப்பதில்லை, இருந்த பிக்ஸலை அழித்து எழுதும். முதலில் எஸ்ஆர்சிஅல்பா கொடியோடு (இது முழுவதும் பெரிய எழுத்து) சாளரத்தின் அதே அளவில் இன்னொரு சர்ஃபேஸ் (கீறும் தாள்) உருவாக்குங்கள். (0, 90, 160, 80) நிறத்தில் கடலின் பல்கோணியை அதில் கீறுங்கள். பிறகு அதைத் திரையில் பிளிட் செய்யுங்கள், அதாவது ஒட்டுங்கள். கலப்பது அப்போதுதான் நடக்கும். 255க்கு 80 என்றால் ஏறக்குறைய 31 வீத நீலம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பின்னணியை ஃபில் செய்ய மறந்தால் நீலத்தின் மேல் நீலம் ஏறி, வினாடிக்கு 60 சட்ட (ஃபிரேம்) வேகத்தில் கண் இமைக்குமுன் பழையபடி அப்பிவிடும். மேற்படி சர்ஃபேஸை லூப்புக்கு வெளியே ஒருமுறை மட்டும் உருவாக்குங்கள். உள்ளே வைத்தால் பழைய மடிக்கணினிகள் மூச்சிரைக்கும்.

கேள்வி: சாய்ந்த கோடு படிக்கட்டுப் போல வருவதை மாணவருக்கு எப்படி விளக்குவது? (ஆசிரியர், மூதூர்)

பதில்: சதுரக் கட்டக் கொப்பி ஒன்று போதும். (0, 0) இலிருந்து (5, 2) வரை கோடு. எக்ஸ் ஒன்று கூடும்போது வை 0.4 கூடுகிறது: 0, 0.4, 0.8, 1.2, 1.6, 2. அரைக் கட்டம் நிறம் தீட்ட வழியில்லை. கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் 0, 0, 1, 1, 2, 2. இரண்டிரண்டு கட்டமாக மூன்று படி. மாணவரையே தீட்ட விடுங்கள். தசமத்தைத் தொடாமல், முழு எண்களைக் கூட்டிக் கழித்தே இந்தப் படிகளைக் கண்டுபிடிக்கும் முறையை ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962இல், திரைக்கல்ல, தாளில் பேனாவால் கீறும் புளொட்டருக்காக அமைத்தார். படிக்கட்டை மழுங்கடிக்க ட்ரோ.ஏஏலைன் இருக்கிறது: அக்கம்பக்கக் கட்டங்களுக்கு அரைகுறை நிறம் கொடுத்துக் கண்ணை ஏமாற்றும். அதில் கோட்டின் தடிப்பைக் கூட்ட முடியாது.

கேள்வி: சாளரம் திறந்து உடனே மூடிவிடுகிறது. ஸ்லீப் போட்டால் கறுப்பாக நின்று, "பதிலளிக்கவில்லை" என்கிறது. (சாம்பல்தீவு)

பதில்: ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். ஒரு வைல் லூப்; அதற்குள் முதலில் இவென்ட்.கெட், மூடும் பொத்தான் அழுத்தியிருந்தால் வெளியேறு, பிறகு ஃபில், பிறகு கோடுகள், கடைசியில் டிஸ்பிளே.ஃபிளிப். இவென்ட்.கெட் இல்லாவிட்டால் நிரல் செத்துவிட்டதாக விண்டோஸ் நினைக்கும். ஃபிளிப் இல்லாவிட்டால் கீறியது நினைவகத்திலேயே கிடக்கும், நீங்கள் காண்பது கறுப்புத்தான்.