இடிதாங்கி: பிராங்க்ளின் சொன்ன அளவு போதுமா?

கேள்வி: பாறைக் குன்றின்மேல் எங்கள் வீடு. இடிதாங்கி வைத்தால் இடியை இழுத்துவிடும் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னபடி கம்பி நட்டால் போதுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: மேகத்திலிருந்து மின்னலை அது வரவழைக்காது. வீட்டின்மேல் விழ வருவதை ஏந்தி மண்ணுக்குள் இறக்கும், அவ்வளவே.

பிராங்க்ளின் தமது 1753 பஞ்சாங்கத்திலேயே செய்முறையை அச்சிட்டுவிட்டார்: இரும்புக்கம்பியின் கீழ்முனை ஈரமண்ணில் 3, 4 அடி, மேல்முனை கூரை உச்சிக்கு மேல் 6, 8 அடி, நுனியில் கூராக்கிய ஓரடிப் பித்தளைக் கம்பி. காப்புரிமை கேட்கவில்லை. அவருடைய அறிவைவிட இந்த மனசுதான் பெரிது.

ஆனால் அவர் சொன்னது ஈரமண். உங்கள் பக்கம் இரண்டடியில் பாறை தட்டும். காய்ந்த பாறையில் மின்சாரம் பரவாது. மண் ஆழமுள்ள இடம்வரை, மின்னலை இறக்கும் செம்புப்பட்டையை நீட்டி, குழியில் ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண் நிரப்புங்கள். எர்த் தடை (மின்சாரம் மண்ணில் இறங்க உள்ள தடை) 10 ஓமுக்குள் வேண்டும், அதையும் ஏப்ரல் வெயிலில் அளந்து பாருங்கள். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். பட்டை 25×3 மி.மீ. இருக்கட்டும்; வீட்டின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பட்டைகளை இறக்குங்கள். பட்டையைச் செங்கோணமாக மடக்கினால் மின்னல் அங்கே சுவருக்குத் தாவும்; வளைத்தே இறக்குங்கள். இடிதாங்கியின் எர்த்தை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விட்டால் டிவி, மோட்டார் போகும். மெயின் போர்டில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் தேவை.