முதலில் ஏரி, அப்புறம் சுற்றுலா

கேள்வி: பழங்குடி மக்களின் பாரம்பரிய இடத்தைச் சுற்றுலாத் தலமாக்கினால் கெட்டுப் போகாதா?
– வாசகி, திருச்சி

பதில்: யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பட்ஜ் பிம்மைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லில் வாய்க்கால் வெட்டி, கல்லை அடுக்கித் தடுப்பு கட்டி, 6,600 ஆண்டுகளுக்கு முன்பே விலாங்கு மீனை மடக்கிப் பிடித்தவர்கள் குண்டிச்மாரா மக்கள். வெள்ளைக்காரக் குடியேறிகள் வடித்துவிட்ட, அங்குள்ள டே ராக் ஏரியில் 2010ல் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்திய பிறகுதான் 2019ல் பட்ஜ் பிம்முக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வரிசைதான். இன்று சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவதும் குண்டிச்மாரா மக்களே. ஏரிக்கரை உணவகத்தில் புகையூட்டிய விலாங்கும் சாப்பிடலாம்.