நாலு மணி நேரம் ஒரு காப்பி

அன்புள்ள ஐயா,

ஜகார்த்தாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இங்கே இளைஞர்கள் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கொரிய உடை, கொரியப் பாட்டு, கையில் டிக்டாக். சொந்தமாக எதுவும் மிஞ்சவில்லையோ என்று தோன்றுகிறது. இவர்களைப் புரிந்துகொள்ள எதைப் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொரியாவை விடுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு அந்த நாட்டுப் பாரம்பரிய பாத்திக் சட்டையில் வருவதும் இதே பிள்ளைகள்தான்.

அந்த நாலு மணி நேரத்துக்கு அங்கே பெயரே உண்டு: நோங்க்ரோங். வேலைவெட்டி இல்லாமல் கூடி உட்கார்ந்து பேசுவது. வாருங் எனும் சிறுகடை பெஞ்சில் அவர்களுடைய அப்பாக்களும் செய்ததுதான். இப்போது காப்பியில் பனைவெல்லம் சேர்ந்திருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. அதை வாங்கக் காசில்லாதவன் எங்கே போய் உட்காருவான்?

2022 ஜூலையில் நான் அங்கிருந்தேன். சுதிர்மான் ரயில் நிலையத்தை ஒட்டிய டுக்குஹ் அத்தாஸில் புறநகர்ப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அப்போது மின்சார ரயிலில் முதல் 25 கிலோமீட்டருக்கு 3,000 ரூபியாதான். நம் காசில் சுமார் 16 ரூபாய். சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகள்தான் மேடை. வண்டிகள் நின்றதும் ஒய்யாரமாக நடப்பார்கள். ஒரு பையன் நடந்து முடித்து ஷூவைக் கழற்றினான். அடுத்தவன் ரப்பர் செருப்பை விட்டுவிட்டு அதில் காலை நுழைத்தான். அளவு பெரிது, குதிகால் கழன்று கழன்று வந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு மிடுக்கு.

சுதிர்மானில் பணக்காரக் கோபுரங்கள் நிற்கும் வணிக வட்டாரத்தை எஸ்.சி.பி.டி. என்பார்கள். இவர்கள் அந்த நாலு எழுத்தை சுதிர்மான், சித்தாயாம், போஜோங் கெடே, டெப்போக் என்று விரித்துவிட்டார்கள். பின் மூன்றும் அவர்கள் ரயிலேறி வந்த ஊர்கள். இந்தக் குசும்பு எந்த நாட்டைப் பார்த்துக் காப்பியடித்தது, சொல்லுங்கள்?

அப்புறம் பெரியவர்கள் வந்தார்கள். அப்போதைய ஜகார்த்தா ஆளுநர் அனீஸ் பஸ்வேதனே அந்தக் கோடுகள்மேல் நடந்து காட்டினார். ஒரு திரைப் பிரபலத்தின் நிறுவனம், இந்த நடைக்கு ஒட்டிக்கொண்ட ‘சித்தாயாம் ஃபேஷன் வீக்’ என்ற பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. ஊரே ஏசிய பிறகு பின்வாங்கியது. நெரிசல் என்று சொல்லி போலீஸ் அந்த நடையை நிறுத்தியது.

‘சீரழிவு’ என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வந்து அடக்கிக்கொண்டது தெரிகிறது. தூரத்து மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்கு எடுத்திருக்கிறீர்கள், தம்பி. இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது அவர்களோடு உட்கார்ந்தீர்களா? தனியாக இருக்கிறீர்கள் என்பதும் கடிதத்தில் தெரிகிறது, அதனால்தான் திட்டுகிறேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பிறகு எழுதுகிறேன். அடுத்த முறை கூப்பிட்டால் போய் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.