வழக்குரையும் ஆய்வு முன்மொழிவும்

வணக்கம் ஐயா,

எல்.எல்.எம். முடித்து ஆறு வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசை. தலைப்பு ‘செயற்கை நுண்ணறிவும் சட்டமும்’. பத்துப் பேராசிரியர்களுக்கு முன்மொழிவை அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

ம.

அன்புள்ள ம.,

இரண்டு தடவை படித்தேன். மொழி தெளிவாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வழக்குரை. கட்சிக்காரருக்காக வாதாடும்போது முடிவு முதலிலேயே கையில் இருக்கும், அதற்கு வலுச் சேர்க்கும் தீர்ப்புகளைத் தேடிப் போவோம். இங்கேயும் முதல் பத்தியிலேயே ‘கடுமையான சட்டம் தேவை’ என்று முடித்துவிட்டீர்கள். அப்புறம் மூன்று நான்கு வருடம் எதைத் தேடப் போகிறீர்கள்?

நான்காம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: கணினி கடன் மறுத்தால், மறுக்கப்பட்டவர் யாரிடம் காரணம் கேட்பது? போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் உங்கள் ஆய்வு தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை முழுக்கத் தானியங்கியாக எடுப்பதற்கு அதன் 22ஆம் பிரிவு, சில விலக்குகளோடு, தடை போடுகிறது. ஆனால் ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று கணித்து மதிப்பெண் போடுவது ஒரு நிறுவனம், அதைப் பார்த்துக் கடன் மறுப்பது வங்கி. அப்படியானால் முடிவெடுத்தது யார்? 2023 டிசம்பரில், அப்படி மதிப்பெண் போடும் ஜெர்மன் நிறுவனமான ஷூஃபா தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து வங்கி நடந்துகொண்டால் மதிப்பெண் போடுவதே ‘முடிவு’தான் என்றது. சரி, பெரிதும் சார்ந்தது என்பதைக் கடன் மறுக்கப்பட்டவர் எப்படி நிரூபிப்பார்? நடுவில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா? இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது ஆய்வு முறை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீர்ப்புகளையும் சட்டங்களையும் மட்டும் படிப்பீர்களா, இரண்டு நாடுகளை ஒப்பிடுவீர்களா, வங்கி அதிகாரிகளைப் பேட்டி காண்பீர்களா? யார் உங்களுக்கு நெறியாளராக இருக்க முடியும் என்பதே இதைப் பொறுத்துத்தான். ஜெர்மனியில் பொதுவாக ஒரு பேராசிரியர் நெறியாளராக ஒப்புக்கொண்ட பிறகுதான் சேர்க்கையே. ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, உங்கள் கேள்வி எந்த இடத்தில் அதைத் தொடுகிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

பட்டங்களின் பெயர்களில் குழம்ப வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்தை டி.ஃபில். என்பார்கள். அமெரிக்காவில் எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி. இரண்டும் சட்டத்தில் முனைவர் நிலை ஆய்வுப் பட்டங்கள், ஜே.டி. வழக்கறிஞராவதற்கான தொழிற்பட்டம். எஸ்.ஜே.டி.க்குப் பெரும்பாலும் எல்.எல்.எம். கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது.

அந்த நான்காம் பக்க வரியை முதல் வரியாக வைத்துத் திரும்ப எழுதி அனுப்புங்கள். நான் மறுபடி படிக்கிறேன்.