டிரா செய்துவிட்டு மேலே போவதா?

கேள்வி: 2023 ஜப்பான் கால்பந்து இரண்டாம் டிவிஷன் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம் 1-1 என்று டிராதானே, அப்புறம் எப்படி டோக்கியோ வெர்டி மட்டும் முதல் டிவிஷனுக்குப் போனது?

பதில்: அங்கே எக்ஸ்ட்ரா டைமும் கிடையாது, பெனால்டி ஷூட்-அவுட்டும் கிடையாது. டிரா ஆனால் பட்டியலில் மேலே இருந்த அணிக்குத்தான் யோகம். 22 அணிகள், ஆளுக்கு 42 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் பிடித்த மச்சிடாவும் இவாட்டாவும் நேராகப் போய்விட, மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்கள் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு மோதினார்கள். வெர்டி மூன்றாவது, ஷிமிசு நான்காவது; வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி! கடைசி லீக் ஆட்டத்தை டிரா செய்யாமல் ஜெயித்திருந்தால் ஷிமிசுவுக்கு இந்த பிளே-ஆஃப் தலைவலியே இருந்திருக்காது, பாவம்.

இந்த இருவரும் மோதிய இறுதி ஆட்டத்தில் முதலில் ஷிமிசுதான் முன்னிலை. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கும் நிமிடங்களில் ஆறாவதில் வெர்டியின் சொமெனோ பெனால்டியை உள்ளே தள்ளினார், கதை முடிந்தது. 1993, 94 என்று ஜே லீக்கின் (ஜப்பானின் தொழில்முறை கால்பந்து லீக்) முதல் இரண்டு கோப்பைகளையும் தூக்கிய வெர்டி, 2008-க்குப் பிறகு அப்போதுதான் மேலே திரும்பியது.

சாம்பியன் மச்சிடாவின் கோச் குரோடா, அதற்கு முன் பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பது எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம்.