திரையில் 21 டிகிரி, சோபாவில் குளிர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியில், டோர்ட்முண்டில் வாடகை வீடு. சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஐந்து ரேடியேட்டர்களிலும், ஜிக்பீ என்ற கம்பியில்லா இணைப்பில் இயங்கும் தெர்மோஸ்டாட் (வெப்பநிலைக்கேற்ப வால்வைத் திறந்து மூடும் கருவி) பொருத்தி, ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் சேர்த்துவிட்டேன். 21 டிகிரி வைத்தால், 21 வந்துவிட்டது என்று அதுவாகவே வால்வை மூடிக்கொள்கிறது. சோபா அருகே உள்ள தெர்மாமீட்டரோ 18.5 காட்டுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவி சரி, அது இருக்கும் இடம்தான் சரியில்லை. அதற்குள் இருக்கும் சென்சாருக்கும் சூடான குழாய்க்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அடுப்பருகே நின்றுகொண்டு வீட்டின் வெக்கையை அளப்பது போலத்தான். திரைச்சீலை வேறு மூடியிருந்தால் இன்னும் மோசம்.

பலரும் முதலில் செய்வது, அளவீட்டுத் திருத்தத்தில் −2.5 என்று போடுவது. ரேடியேட்டர் கொதிக்கும்போது இது சரி. ஆறியிருக்கும்போது சென்சார் ஏறக்குறைய உண்மையைத்தான் சொல்கிறது, அதிலிருந்தும் 2.5 கழிந்தால் தேவையில்லாமல் வால்வு திறக்கும்.

தனி சென்சார் வைப்பதே நல்லது. வெயில் படாத உட்சுவரில், தரையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். சோனாஃப் டிஆர்விஇசட்பி, டான்ஃபாஸ் ஆலி போன்ற தெர்மோஸ்டாட்டுகள் வெளி சென்சாரின் அளவை நேராகவே ஏற்கும். சோனாஃபில் முதலில் சென்சார் தேர்வை 'வெளி' என்று மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு அளவை மட்டும் அனுப்பினால் பலனில்லை. ஜிக்பீ கருவிகளை ஹோம் அசிஸ்டன்டுடன் இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் வழியாக ஆலிக்கு அனுப்பும்போது நூறால் பெருக்க வேண்டும்: 20.5 என்றால் 2050.

சென்சாரின் அளவைத் தானாக அனுப்பும் ஆட்டோமேஷனை, வெப்பநிலை மாறும்போது மட்டும் ஓடும்படி எழுதாதீர்கள். அளவு மாறாவிட்டாலும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். நெடுநேரம் தகவல் வராவிட்டால் ஆலி தன் சொந்த சென்சாருக்கே திரும்பிவிடும். அதற்காக 0.1 டிகிரி அசைவுக்கெல்லாம் அனுப்பினால் பேட்டரிதான் தீரும்.

வெளி அளவை ஏற்காத மாடலா? ஹோம் அசிஸ்டன்டுக்கான கூடுதல் நிரல்கள் கிடைக்கும் ஹாக்ஸ் மூலம் 'பெட்டர் தெர்மோஸ்டாட்' நிறுவுங்கள். அது ரேடியேட்டர் தெர்மோஸ்டாட், வெப்ப சென்சார், ஜன்னல் திறந்திருப்பதைச் சொல்லும் காந்த சென்சார் மூன்றையும் சேர்த்துப் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை உருவாக்கும். கால அட்டவணையை இனி அதற்கே கொடுங்கள். பழையதன் உள் அட்டவணையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு இரண்டும் சண்டை போடும்.

கேள்வி: 5 டிகிரிக்குக் குறைத்தாலும் ஒரு ரேடியேட்டர் மட்டும் கொதிக்கிறது. ஏன்?

பதில்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். உள்ளே சிறு உலோக ஊசி தெரியும். அது வெளியே நீண்டிருந்தால் வால்வு திறப்பு, உள்ளே அமுங்கினால் மூடல். தட்டையான கருவியால் அழுத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டர் போய், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். கோடை முழுக்க அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். பத்துப் பதினைந்து முறை அழுத்தினால் பெரும்பாலும் இளகும். குறடால் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், சுடுதண்ணீர் பீறிடலாம்.

ஊசி நன்றாக அசைந்தால், அதை எதுவரை அழுத்துவது என்ற எல்லையைத் தெர்மோஸ்டாட்டின் மோட்டார் தவறாகக் கற்றிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிப் போட்டு, மோட்டார் முழுக்கப் பின்வாங்கி ஓய்ந்த பிறகே திருகுங்கள். பிறகு அளவு கற்கும் ஓட்டத்தை மறுபடி தொடங்குங்கள். பொதுவான மரை எம்30 × 1.5, டான்ஃபாஸ் ஆர்ஏ வால்வுக்கு அடாப்டர் வேண்டும். அடாப்டர் சற்றுச் சாய்ந்தாலும் ஊசி முழுதாக அமுங்காது.

அப்படியும் சரியாகாவிட்டால் வால்வே பழுது. அது வீட்டுக்காரர் பொறுப்பு, சொல்லிவிடுங்கள். முன்பு ரேடியேட்டரில் இருந்து கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் தலைகளைப் பத்திரமாக வையுங்கள், காலி செய்யும்போது தேவைப்படும்.

கேள்வி: படுக்கையறைத் தெர்மோஸ்டாட் அடிக்கடி 'கிடைக்கவில்லை' என்கிறது.

பதில்: பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட் பிறர் சிக்னலைக் கடத்தாது. வழியில், சிக்னலைக் கடத்தும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் செருகுங்கள். ஜிக்பீ சிக்னலை வாங்கும் டாங்கிளைக் கணினியின் யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருந்தால், ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். அந்தத் துளையின் மின் இரைச்சல், ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும்.