மை நிரப்பியும் அரைப் பக்கத்தில் வெளிறும் கறுப்பு எழுத்து

நீங்கள் மை நிரப்பிய இன்க்ஜெட் பிரிண்டர் கார்ட்ரிட்ஜின் (மைப் பெட்டியின்) மேல் ஒட்டிய டேப்பை உரித்துவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். அரைப் பக்கம் நன்றாக அச்சாகிப் பின் வெளிறுகிறது, ஒரு மணி நேரம் விட்டால் மீண்டும் அரைப் பக்கம் வருகிறது என்கிறீர்கள். மை தீர்ந்திருந்தால் எவ்வளவு நேரம் விட்டாலும் வராது.

உள்ளே இருப்பது மை ஊறிய பஞ்சு. மை கீழே இறங்க வேண்டுமானால் மேலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். லேபிளுக்கு அடியில் அதற்கென ஒரு சிறு துளையும், தலைமுடி அளவுக்கு மெல்லிய பள்ளமும் இருக்கும். மை ஊற்றிய துளையை அடைக்கும்போது அவற்றையும் சேர்த்து மூடியிருப்பீர்கள்.

1. டேப்பை எடுத்துவிட்டு, காற்றுத் துளையில் காய்ந்த மை இருந்தால் ஊசி முனையால் நீக்குங்கள்.

2. நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளின் மேல் கார்ட்ரிட்ஜின் அடித்தகட்டை, அதாவது மை வெளிவரும் பகுதியை, பத்து விநாடி மெல்ல அழுத்துங்கள். இடைவெளி இல்லாத கறுப்புக் கோடு பதிய வேண்டும். விட்டு விட்டுப் பதிந்தால், அடித்தகடு மட்டும் நனையுமாறு வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். கார்ட்ரிட்ஜின் செம்பு நிற மின் தொடுபுள்ளிகளில் ஈரம் தங்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: எழுத்து வெளிறியதும் அச்சை நிறுத்திவிடுங்கள். அடித்தகட்டில் உள்ள இவ்வகை அச்சுத் தலை மையைச் சூடாக்கித்தான் துளியாக வீசுகிறது. மை வராமல் ஓடினால் கருகிவிடும். நான்கு முறை நிரப்பி நன்றாக உழைத்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். குப்பையில் போட மனமே வரவில்லை.

திரையில் ‘மை இல்லை’ என்று காட்டினால் கலங்க வேண்டாம். அது பழைய கணக்கு. நீங்கள் ஊற்றிய மை அதற்குத் தெரியாது.